கூண்டு பெரிதானால் போதுமா?

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் பாதிப் பேச்சிலேயே வைத்துவிட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நானும் நீட்டவில்லை. விலங்குகளுக்காகப் பேசுகிற உங்கள் கூட்டம் இரண்டாகிவிட்டது என்றாய். "இனிமேல் கூண்டில்லாத கோழி முட்டைதான் வாங்குவோம்" என்று அந்த ஓட்டல்காரர்களிடம் எழுதி வாங்கியதுதான் காரணம் என்றாய். அதை வெற்றி என்கிறது ஒரு தரப்பு. பால், முட்டைகூடத் தொடாத வீகன் என்று சொல்லிக்கொண்டு முட்டைக்கு விளம்பரம் செய்கிறீர்களே என்று கோபித்துக்கொண்டு போய்விட்டது இன்னொரு தரப்பு. நீ எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை.

நான் இன்னமும் முட்டை சாப்பிடுகிறவன். உன்னைப் படிக்க வைத்ததே நாமக்கல் பண்ணைச் சம்பளம்தான். இந்த வழக்கில் என் சாட்சி எவ்வளவு செல்லும் என்பதை நீயே முடிவு செய்துகொள். ஆனால் கோழியை நான் பார்த்த அளவுக்கு உங்கள் கூட்டத்தில் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கோபித்துக்கொண்டு போனவர்கள் சொல்வதில் பொய் இல்லை. நம்ம ஊர்க் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. இறக்கையை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, ஒதுக்குப்புறமாகப் போய் முட்டையிட முடியாது. அதிலும் முட்டையிடுவதற்கு முன்னால் மறைவிடம் தேடி அது படும் பாடு இருக்கிறதே, கோழிச் செட்டில் வேலை செய்த எவனும் அதை மறுக்க மாட்டான். கூண்டை எடுத்தால் இதெல்லாம் தீரும். மற்றது எதுவும் தீராது. மூக்கு வெட்டு, அதாவது அலகு நுனியை வெட்டுவது, நிற்காது. தரையில் கூட்டமாக விட்டால் ஒன்றையொன்று கொத்துமென்று இன்னும் கறாராக வெட்டுவார்கள். முட்டை குறைந்ததும் கறிக்கு லாரி ஏற்றுவதும் நிற்காது. அப்போது அதற்கு ஏறக்குறைய ஒன்றரை வயது. அப்புச்சி வீட்டு நாட்டுக்கோழி எத்தனை வருஷம் திரிந்தது என்று உனக்கே தெரியும்.

அப்புறம் சேவல் குஞ்சு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பழைய பிளாஸ்டிக்குக் கலர் கோழிக்குஞ்சு கொடுத்துக்கொண்டு சைக்கிளில் வருவார்களே, பச்சையும் ரோஸுமாக, ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலும் அவை முட்டைக் கோழி இனத்துச் சேவல்கள். முட்டையும் போடாது, கறிக்கும் கட்டாது. சாயம் ஏறாதவற்றின் கதை பொரிப்பகத்திலேயே முடிந்துவிடும். முட்டைக் கோழி கூண்டில் வளர்ந்தாலும் தோட்டத்தில் வளர்ந்தாலும் அதனோடு பொரிந்த சேவலுக்கு இதே கதிதான். ஜெர்மனியில் 2022 தொடக்கத்திலிருந்து சேவல் குஞ்சுகளைக் கொல்வதற்குத் தடை. முட்டைக்குள் இருக்கும்போதே சேவலா பெட்டையா என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம்ம பக்கம் அந்தப் பேச்சையே நான் கேட்டதில்லை.

நீ அனுப்பிய கட்டுரைகளையெல்லாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கேரி பிரான்சியோன் சொல்வது எனக்கு நன்றாகவே புரிந்தது. விலங்கு ஒருவனுடைய சொத்தாக இருக்கிறவரைக்கும் சீர்திருத்தமெல்லாம் தின்கிறவனின் மனசைத் தேற்றத்தான் உதவும் என்கிறார். ஐரோப்பாவைப் பார்த்தால் அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2012 ஜனவரியில் அங்கே கூண்டு ஒழிந்தது என்று கொண்டாடினார்கள். ஒழிந்தது வெறுங்கூண்டுதான். 550 சதுர சென்டிமீட்டர் இருந்த இடத்தில் 750, கூடவே உட்காரக் குச்சி, முட்டையிட ஒரு மறைப்பு. அதுவும் கூண்டுதானே! பிறகு 14 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டதில், 2023 முடிவதற்குள் எல்லாக் கூண்டுக்கும் முடிவுகட்டச் சட்ட முன்மொழிவு தருவோம் என்று ஐரோப்பிய ஆணையம் 2021-ல் வாக்குக் கொடுத்தது. 2023 முடிந்தும் அது வரவேயில்லை.

அமெரிக்காவில் நடந்த சண்டை அப்படியே உங்கள் சண்டை. 2011-ல் அங்கே பெரிய விலங்குநல அமைப்பு ஒன்றும் முட்டை உற்பத்தியாளர் சங்கமும் கைகோத்து, நாடு முழுக்கப் பெரிய கூண்டு என்று சட்டம் கேட்டார்கள். விலங்குகளுக்காகப் பேசுகிறவர்களிலேயே சிலர், கூண்டுக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கித் தருகிறீர்களா என்று எதிர்த்தார்கள். மாட்டுக்காரர்களும் பன்றிக்காரர்களும், நாளை இது நமக்கும் வரும் என்று பயந்து எதிர்த்தார்கள். மசோதா நிறைவேறாமலே போய்விட்டது. இரண்டு எதிரிகளும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்ட மாதிரி ஆனது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இவ்வளவு படித்த பிறகும் நான் கையெழுத்து வாங்கியவர்கள் பக்கம்தான். செட்டில் இன்றைக்கு நிற்கிற கோழிக்கு ஆயுசே ஒன்றரை வருஷம். முட்டையே வேண்டாம் என்று உலகம் சொல்லும் நாளுக்குள் அதற்குப் பின்னால் எத்தனை கூட்டம் கூண்டில் ஏறி இறங்குமோ! அதற்கு இப்போது ஒரு குச்சி கிடைத்தால் ஏறி உட்காரும். கொள்கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குச்சியையும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

நம்ம நாட்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள். ருக்மிணி தேவி அருண்டேல் பச்சை சைவம். அவர் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. அந்தச் சட்டம் உணவுக்காகக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை, தேவையில்லாத வேதனை கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் அதே சட்டத்தில்தான் நியாயமான அளவு அசைய முடியாத கூண்டில் அடைப்பது குற்றம் என்றும் இருக்கிறது. இன்றைக்குக் கூண்டை எதிர்க்கிறவர்கள் கோர்ட்டில் நீட்டுவது அந்தப் பிரிவைத்தான். 2017-ல் சட்ட ஆணையமும் முட்டைக் கோழிக் கூண்டைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது. செட்டில் எதுவும் மாறவில்லை என்பது வேறு விஷயம்.

கையெழுத்து வாங்கியவர்களிடமும் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முட்டை அட்டைப்பெட்டியில் உங்கள் கூட்டத்தின் பேரையோ முத்திரையையோ போட விடாதீர்கள். 2005-ல் அமெரிக்காவில் ஒரு கடைச் சங்கிலி கருணையான இறைச்சி விற்கப் போகிறோம் என்றதும், தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கர் உட்படப் பலர் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்களாமே. அது வேண்டாத வேலை. கூண்டை எடு என்று கேட்பது ஒன்று, இது நல்ல முட்டை என்று நற்சான்று கொடுப்பது வேறொன்று. மூக்கு வெட்டையும் கலர் குஞ்சையும் தெரிந்துகொண்டே அந்தச் சான்றில் நீ கையெழுத்துப் போடக் கூடாது.

சத்துணவு முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கூட்டத்தில் ஒருவர் பள்ளிக்கூட முட்டையை நிறுத்தச் சொல்லி எழுதலாம் என்றாராம். தயவுசெய்து அதில் சேராதே. இங்கே 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, 2010-லிருந்து வாரத்துக்கு ஐந்து ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. நீ இருக்கிற கர்நாடகத்தில் 2021-ல் பள்ளியில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது எதிர்த்தது யார்? மடாதிபதிகள். அவர்களுக்குக் கோழியின் வலி ஒரு பொருட்டில்லை, யார் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறது என்பதுதான் கவலை. நீங்கள் நல்ல எண்ணத்தோடு எழுதுகிற வாசகத்தை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஓட்டல் பஃபேயில் ஆறு விதமாக முட்டை வைத்திருக்கிறவனிடம் முதலில் கேளுங்கள். சத்துணவுத் தட்டுக்கு அதே சத்தை அதே விலையில் வேறு எதில் கொடுப்பது என்று வழி கண்டுபிடித்த பிறகு அங்கே வாருங்கள்.

கோபித்துக்கொண்டு போனவர்களை விட்டுவிடாதே. அவர்கள் இல்லாவிட்டால் கையெழுத்து வாங்கியவர்கள் சீக்கிரமே பண்ணைக்காரரின் ஆலோசகர்களாகிவிடுவார்கள். இரண்டு தரப்பிலும் இரண்டிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சித்திரையில் வா. பழைய முதலாளியிடம் பேசிவிட்டேன், போட்டோ எடுக்காமல் இருந்தால் செட்டைக் காட்டலாம் என்றார். மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போகலாம், அந்த வெக்கையில் கோழி எப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்று பார்க்கட்டும். சோற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். மோர் இல்லாமலே அம்மா சமைப்பாள், கொள்ளு ரசமும் கத்தரிக்காய்க் கடைசலும் உண்டு. எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா