எனிடெஸ்க்கை மூடிவைப்போம்: குமரி மாவட்ட பில்லிங் சாஃப்ட்வேர் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கங்களில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். உங்களில் இரண்டு பேரிடம் நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். மற்றவர்களின் ஆபீஸ் பையன்களோடு டீக்கடையில் ரசவடை தின்றுகொண்டே உங்களைக் குறை பேசியும் இருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் பேசினதை முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உங்கள் ஆபீசில் விளக்கு எத்தனை மணி வரை எரிந்தது? எங்கள் ஆபீசில் விடியும்வரை எரிந்தது. ஜிஎஸ்டி கவுன்சில் செப்டம்பர் 3ஆம் தேதி புது விகிதங்களை அறிவித்தது, 22ஆம் தேதி திங்கள் முதல் அமல். சோப்பு, ஷாம்பு, தலை எண்ணெய், பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு. நெய், வெண்ணெய் 12லிருந்து 5க்கு. நடுவில் 19 நாள் இருந்தது. கோட் எழுத எங்களுக்கு நாலு நாள்தான் ஆனது. ஆனால் எழுதினதைக் கடையில் கொண்டுபோய் வைக்கும் வேலையை 19ஆவது நாள் ராத்திரிக்குத்தான் வைத்திருந்தோம். கடை பூட்டின பிறகுதான் தொட முடியும், அதற்கு முன்னால் தொட்டால் ஞாயிற்றுக்கிழமை பில்லிலேயே புது வரி விழுந்துவிடும்.

நாலு பேர், 38 கடை. எனிடெஸ்க்கில் (ஆபீசில் இருந்தபடியே கடைக் கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) நுழை, புரோகிராமை மூடு, பழைய ஃபைலுக்கு ‘பழசு’ என்று பேர் மாற்று, புதுசைக் காப்பி செய், டேட்டாபேஸை மாற்றும் எஸ்கியூஎல் கட்டளைகளை ஓட்டு, ஒரு பில் போட்டுப் பார், நோட்டில் டிக் அடி. ஒரு கடைக்கு 20 நிமிடம். லைன் மெதுவாக இருந்தால் அரை மணி நேரம். பாஸ்வேர்டெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில், பாதிக் கடைக்கு ஒரே பாஸ்வேர்டு. உங்கள் ஆபீசில் அப்படி இல்லை என்று சத்தியம் செய்வீர்களானால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வடசேரியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு மூன்று கவுண்டர். லைன் போனாலும் பில் நிற்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு கவுண்டரும் பொருள் பட்டியலைத் தன்னிடமே ஒரு பிரதி வைத்திருக்கும். இரண்டு கவுண்டருக்குப் புதுசு போட்டுவிட்டோம், மூன்றாவது சிஸ்டம் அணைந்து கிடந்தது. ‘காலையில போட்டுக்கலாம்’ என்று யாரோ சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. சொன்னது யார் என்பதுதான் யாருக்கும் ஞாபகமில்லை. நோட்டில் கடைக்கு நேரே டிக் இருந்தது. கவுண்டருக்குத் தனியாகக் கட்டம் போட எங்களுக்குத் தோன்றவில்லை.

திங்கள் காலை பத்தரைக்குக் கடைக்காரர் போன் செய்தார். “எடே, ஒரு ரிட்டயர்டு டீச்சர் ரெண்டு பில்லையும் மேசையில வச்சிட்டு நிக்காவ. மருமவளுக்கு சோப்புக்கு அஞ்சு போட்டிருக்கு, எனக்கு மட்டும் என்ன பதினெட்டுன்னு கேக்காவ. நான் என்ன பதில் சொல்ல?” அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அதற்குள் அந்தக் கவுண்டரில் எத்தனை பில் போயிருந்தது என்று எண்ணவே எங்களுக்கு மதியம் ஆகிவிட்டது.

ராத்திரி கண் முழித்த பையன்களை முதலாளி திட்டினார். திட்டி என்ன பிரயோசனம்? நாலு கை 38 கடையை ஒரு ராத்திரியில் தொட்டால் எங்கேயாவது ஒன்று விட்டுப்போகத்தான் செய்யும். பெரிய இடத்திலும் விட்டுப்போயிருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வரில் புது கோட் ஏற்றியிருந்தது, அதுவும் கையால்தான். ஏழில் ஏறியது, எட்டாவதில் விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு கிடையாது. சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வரில் வருஷக்கணக்காகத் தூங்கிக் கிடந்த பழைய கோட் முழித்துக்கொண்டு ஆர்டர் ஆர்டராகப் போட்டுத் தள்ளியது. முக்கால் மணி நேரத்தில் 440 மில்லியன் டாலர் போனது. நடுவில் பதறிப்போய், சரியாக இருந்த ஏழு சர்வரிலிருந்தும் புது கோடை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு பழசு எட்டிலும் ஓடியது. அந்தப் பதற்றம் எனக்கு நன்றாகவே புரிகிறது. எங்கள் திங்கட்கிழமை காலையில் நானும் சரியாக இருந்த இரண்டு கவுண்டரில் கைவைக்கப் போனேன். பக்கத்தில் இருந்தவள் மவுசைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தோம்.

டெவ்ஆப்ஸ் என்று சொன்னாலே நீங்கள் கையை உதறுவீர்கள் என்று தெரியும். “அஞ்சு பேர் கம்பெனிக்கு அதெல்லாம் எதுக்குடே” என்பீர்கள். 2009இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் பேட்ரிக் டெபுவா கூட்டின கூட்டத்திலிருந்து பரவின பேர் அது. கோட் எழுதுகிறவரும் அதை ஓடவைக்கிறவரும் ஆளுக்கொரு பக்கம் மதில் கட்டிக்கொண்டு இருந்ததை இடிக்கத்தான் தொடங்கினார்கள். நம்மூரில் அந்த மதிலே இல்லை: கோட் எழுதுகிறவனேதான் கடைக்குப் போய் பிரின்டர் கேபிளையும் மாட்டுகிறான். நமக்கு மதில் ஆபீசுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. நம் சாஃப்ட்வேர் அங்கே என்ன நிலைமையில் கிடக்கிறது என்பது யாராவது போன் பண்ணித் திட்டும்வரை நமக்குத் தெரியாது. ஆகவே டெவ்ஆப்ஸ் இன்ஜினியர் தேவை என்று விளம்பரம் போட்டு ஒருவனை எடுத்து, எல்லா எனிடெஸ்க்கையும் அவன் தலையில் கட்டிவிட்டால் ஒன்றும் மாறாது. ஆறு மாசத்தில் அவன் காலை ரயிலேறி திருவனந்தபுரம் கழக்கூட்டத்து ஐடி கம்பெனிகளுக்குப் போய்விடுவான், எந்தக் கடைக்கு என்ன கோளாறு என்கிற விவரமும் அவனோடு போய்விடும்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு எங்கள் முதலாளி ஒரு மாசம் டைம் கொடுத்தார். அதில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் பில்டை, அதாவது எழுதின கோட் ஓடும் புரோகிராமாக மாறும் வேலையை, ஒரு பையனின் லேப்டாப்பிலிருந்து பிடுங்கினோம். அதுவரை அவன் லேப்டாப்பில் மட்டும்தான் சரியாக பில்ட் ஆகும்; அவன் அக்கா கல்யாணத்துக்குப் போனால் ரிலீஸும் கல்யாணத்துக்குப் போய்விடும். இப்போது எல்லாருடைய கோடும் சேருகிற கிட் என்ற பொது இடத்தில் கோட் சேர்ந்ததும் ஒரு சர்வர் தானே பில்ட் செய்கிறது. அதைச் செய்யும் ஜென்கின்ஸ் என்ற சாஃப்ட்வேருக்குக் காசு கிடையாது. கிட்ஹப் இணையதளத்தில் கோட் வைத்தால் இலவசத் திட்டத்திலேயே பில்ட் செய்ய மாசம் 2000 நிமிடம் கிடைக்கிறது, நம் அளவுக்கு அது தாராளம். சர்வர் கூட்டத்தையே மேய்க்கும் குபர்நெட்டிஸ் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது பரிசோதனை. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். கடைகளில் ஏற்கெனவே போட்ட பழைய பில்கள் 200 எடுத்து, வாடிக்கையாளர் பேரையும் நம்பரையும் அழித்துவிட்டு, புது கோடில் மறுபடி ஓட்டிப் பார்க்க வைத்தோம். பைசா சுத்தமாக அதே தொகை வராவிட்டால் ரிலீஸ் அங்கேயே நின்றுவிடும். வரியை சிஜிஎஸ்டி (மத்திய பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலப் பங்கு) என்று பாதியாகப் பிரித்து முழுப் பைசாவாக்குவதில் ஒரு பைசா இப்படியும் அப்படியும் போகும். அந்த ஒரு பைசாவுக்காக ஆடிட்டரிடம் எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டோம்! முதல் வாரத்திலேயே அப்படி மூன்று இடம் பிடிபட்டது.

அதன்பிறகுதான் கடை. நாம் கடைக்குள் போகிற வழியை அடைத்தோம், கடை நம்மிடம் வந்து கேட்கிறபடி மாற்றினோம். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு சின்ன புரோகிராம். காலையில் சிஸ்டம் போட்டதும் ‘எனக்கு என்ன பதிப்பு?’ என்று கேட்கும், இறக்கும், நாங்கள் அனுப்பினதுதானா என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து சரிதானா என்று பார்க்கும், தனி ஃபோல்டரில் வைக்கும், அப்புறம்தான் அதற்கு மாறும். புதுசு எழும்பவில்லை என்றால் பழைய ஃபோல்டருக்குத் தானே திரும்பிவிடும். ராத்திரி அணைந்து கிடந்த சிஸ்டமும் காலையில் முதல் பில் போடும் முன்னே புதுசாகிவிடும். எந்தக் கவுண்டரில் எந்தப் பதிப்பு என்பது ஆபீஸ் டிவியில் ஓடுகிறது. ஏதாவது பின்தங்கினால் சிவப்பு. முன்பு அந்த டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மட்டும் பையன்களுக்கு வருத்தம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தானியங்கி என்றால் தப்பும் தானாகவே எல்லா இடத்துக்கும் போகும். 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பின ஒரு சின்ன அப்டேட், படிப்படியாகப் போகாமல் ஒரேயடியாக எல்லாருக்கும் போனது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை போட்டன. அதனால் எங்களுக்கு எந்த ரிலீஸும் முதலில் வெட்டூர்ணிமடத்தில் ஆபீசுக்குப் பக்கத்துக் கடைக்குத்தான். கெட்டுப்போனால் நடந்தே போய்ச் சரிசெய்யலாம், கடைக்காரரும் தெரிந்தவர். அரை நாள் கழித்து ஐந்து கடை. மறுநாள் மிச்சம்.

இன்னொன்றும் அந்த ராத்திரிதான் புரியவைத்தது. கொண்டுபோய் வைப்பது வேறு, திறந்துவிடுவது வேறு. பேச்சிப்பாறை அணையில் மழைக்காலத்திலேயே தண்ணீர் சேர்ந்துவிடுகிறது, வயலுக்குப் போகும் சானலில் விடுவது தேவைப்படும் நாளில்தான். நடவு நாளன்று போய் யாரும் அணை கட்டுவதில்லை. வரி விகிதத்தோடு ‘எந்தத் தேதி முதல்’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தால், செப்டம்பர் 10ஆம் தேதியே சாவகாசமாக எல்லாக் கடைக்கும் புது கோட் அனுப்பியிருக்கலாம். 22ஆம் தேதி பிறக்கும் ராத்திரி 12 மணிக்கு அதுவே மாறியிருக்கும், நாங்கள் தூங்கியிருப்போம்.

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்கிறோம், திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 2017 ஜனவரி 31ஆம் தேதி கோட் சேமிக்கும் இணையதளமான கிட்லாப்பில் ஒருவர் தவறுதலாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே அழித்துவிட்டார். பேக்கப்புக்குப் பல வழி வைத்திருந்தார்கள், அவசரத்துக்கு ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. சுமார் ஆறு மணி நேர டேட்டா போனது. மாசத்துக்கு ஒரு கடையின் பேக்கப்பை எடுத்துத் திரும்ப எழுப்பிப் பார்க்கிற வேலையையும் ஸ்கிரிப்டிடம் கொடுத்துவிட்டோம். முதல் தடவை எழும்பவில்லை. ஏன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது: பென்டிரைவ் நிறைந்து எட்டு மாசமாகியிருந்தது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பையன்களுக்கு ஒரு மாசம் கொடுங்கள். அந்த மாசம் ‘இந்த ஒரு ரிப்போர்ட் மட்டும் முடிச்சிரு’ என்று பின்னால் போய் நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வைக்காதீர்கள், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நாளிலோ ஊர்க் கொடையன்றோ சுத்தமாக வேண்டாம். பாஸ்வேர்டு எக்செல் ஷீட்டை இந்த வாரமே ஒழியுங்கள், அதற்கு மாசமெல்லாம் தேவையில்லை.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய், ‘நம்ம கடைகளில் எந்தக் கவுண்டரில் எந்தப் பதிப்பு ஓடுது?’ என்று பையன்களிடம் கேளுங்கள். அவர்கள் நோட்டைத் தேடினார்களானால் என்னைக் கூப்பிடுங்கள். ஸ்கிரிப்டுகளை அப்படியே தருகிறேன், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடாதீர்கள், நான் சங்குத்துறை கடற்கரையில் இருப்பேன்.

இப்படிக்கு,
செப்டம்பர் 21 ராத்திரி 11 கடைக்குள் எனிடெஸ்க்கில் நுழைந்தவன்,
நாகர்கோவில்