மண் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வடக்கு கானாவின் லாராபங்கா கிராமத்தில் உள்ள மண் பள்ளிவாசலின் படத்தைப் பார்க்கும் பலர், "ஒரேயடியாகச் சிமெண்ட் பூசிவிடலாமே, அடிக்கடி மண் பூசும் வேலை மிச்சம்தானே?" என்று கேட்கிறார்கள். 1970களில் அங்கே நல்லெண்ணத்தோடு அப்படித்தான் பூசினார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பெருங்கேடாக முடிந்ததும் அதுதான்.

மண் சுவர் மழையில் நனைந்து வெயிலில் உலரும். மேற்பூச்சு கரைவது பழுதல்ல. கரைந்த இடத்தில் மறுபடி பூசிவந்தால் உள்சுவருக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்டோ மண்ணோடு ஒட்டாது. வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதும் இல்லை. அதனால் விழும் மயிரிழை விரிசலில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். பார்வைக்குச் சுவர் வழுவழுப்பாக இருக்க, உள்ளே மண் இளகும், சுவருக்குள் பதித்த மரக்கட்டைகள் ஈரமாகிக் கரையான் ஏறும். லாராபங்காவில் 2002 செப்டம்பர் புயலில் பள்ளிவாசலின் கோபுரமான மினாரா சரிந்து விழுந்தது. பிறகு உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு சிமெண்டை உரித்தெடுத்து, பழுதான மரங்களை மாற்றி, மண்ணையே பூசினார்கள்.

சாதாரணச் சேறு பூச்சுக்கு உதவாது. மாலி நாட்டின் ஜென்னே நகரில் ஆற்று வண்டலில் தவிடு கலந்து, தண்ணீர் ஊற்றி, மிதித்துப் புளிக்க வைப்பார்கள். நன்றாகப் புளித்த மண்ணில் பிசுபிசுப்பு கூடும், விரிசல் குறையும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளில் ஏறி நின்றுதான் கொத்தனார்கள் அதைக் கையால் பூசுகிறார்கள். வெறும் அலங்காரம் என்று அவற்றை அறுத்துவிட்டால் பராமரிப்பே நின்றுபோகும்.

நம் சிங்கப்பூரின் தெலுக் ஆயரிலும் லிட்டில் இந்தியாவிலும் உள்ள பழைய கடைவீடுகளும் வழிபாட்டு இல்லங்களும் சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்துக் கட்டடங்கள். பொருள் வேறு, ஈரத்தின் போக்கு ஒன்றுதான். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மறைக்க அடிச்சுவரில் சிமெண்ட் பூசினால், ஈரம் அதற்கு மேலே ஏறி, அங்கே உப்புப் பூத்துச் சாயம் கொப்பளிக்கும். அதன்மேல் மீண்டும் பிளாஸ்டிக் சாயம் அடிப்பது வீண் செலவு. சிமெண்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி எடுத்து, சுவரைப் பல மாதங்கள் உலரவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். அதற்கு முன் மழைநீர்க் குழாய்களையும் சாக்கடையையும் சரிபார்ப்பது அவசியம். கசிவு அங்கிருந்தே வந்தால் எந்தப் பூச்சும் நிற்காது.

இத்தகைய கட்டடங்களின் நிர்வாகக் குழுக்கள் ஒப்பந்தக்காரரிடம் விலைப்புள்ளி கேட்கும்போதே, சுண்ணாம்புப் பூச்சு, ஈரத்தை வெளியேவிடும் சாயம் என்று எழுத்தில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பழங்கட்டடப் பராமரிப்புத் துறை வாசகர்கள்,
சிங்கப்பூர்