வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால்

உறுப்பினர்களுக்கு வணக்கம். நோட்டீஸைப் பார்த்ததும் பயந்து சாமான்களைக் கட்டத் தொடங்காதீர்கள். நோட்டீஸ் வேறு, நீதிமன்ற உத்தரவு வேறு. உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் பல நாடுகளில் சட்டவிரோதம்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் விசாரணைத் தேதியை மட்டும் தவறவிடவே வேண்டாம். நீங்கள் போகாவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தீர்ப்பு எதிராக வந்துவிடலாம்.

வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச சட்ட உதவி பல இடங்களில் உண்டு. நோட்டீஸ் கிடைத்த அன்றே அணுகுங்கள். விசாரணைக்கு முந்தைய நாள் போனால் வழக்கறிஞருக்கு நேரமே இருக்காது. வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், வீட்டுக்காரர் அனுப்பிய மெசேஜ்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். ரசீது இல்லையா? வங்கிக் கணக்கு விவரமும் உதவும்.

அப்புறம், புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். குழுவில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அட்மினுக்குத் தனியாக எழுதுங்கள்.