மாக்னா கார்ட்டா: 'சுதந்திர மனிதன்' எப்போது 'எவரும்' ஆனான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1215 ஜூன் 15 அன்று, தேம்ஸ் ஆற்றங்கரையின் ரன்னிமீடு புல்வெளியில் ஜான் மன்னர் அதில் கையெழுத்திட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கையெழுத்து எதுவும் இடவில்லை. லத்தீனில் எழுதப்பட்ட அந்தத் தோலேட்டில் மெழுகு முத்திரைதான் பதிக்கப்பட்டது. இது சிறு திருத்தம். குடிமக்களின் சுதந்திரமே அன்று பிறந்துவிட்டது என்ற எண்ணத்தைக் கட்டுரை தருவதுதான் எனக்கு மனக்குறை.

அந்தச் சாசனம் பத்து வாரங்களுக்கு மேல் தாங்கவில்லை. போப் மூன்றாம் இன்னசென்ட் ஆகஸ்டிலேயே அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார். மறு ஆண்டு ஜான் இறந்த பிறகு, சிறுவனான மூன்றாம் ஹென்றியின் பெயரில் திருத்தி மீண்டும் வெளியிட்டதால்தான் அது பிழைத்தது. புகழ்பெற்ற அதன் 39-ஆம் பிரிவு, சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றிச் சிறையிலடைக்கக் கூடாது என்று காத்தது 'சுதந்திர மனிதனை' மட்டுமே. நிலத்தோடு கட்டுண்டு கிடந்த பண்ணையாட்கள் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்கு 20-ஆம் பிரிவில் கிடைத்தது, பயிர்த்தொழிலுக்கு ஆதாரமானவை பறிபோகும் அளவுக்கு அபராதம் விதிக்கலாகாது என்ற ஒரு வரிதான்.

அந்த வேலியை அகற்றியது 1354-இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் இயற்றப்பட்ட சட்டம். எந்த நிலையில் உள்ளவராயினும், உரிய சட்ட நடைமுறையின்றி அவரைத் தண்டிக்கலாகாது என்று அது சொன்னது. பின்னர், கட்டாயக் கடன் தர மறுத்தவர்களை முதலாம் சார்லஸ் காரணம் கூறாமலே சிறையிலடைத்தபோது, சட்ட அறிஞர் எட்வர்டு கோக் முதலியோர் இந்தப் பழைய வரிகளையே எடுத்து, நாடாளுமன்றம் மன்னரிடம் அளித்த 1628-இன் உரிமை மனுவில் வைத்தார்கள். 'உரிய சட்ட நடைமுறை' என்ற தொடர் அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தத்திலும் (1791), மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் பதினான்காம் திருத்தத்திலும் (1868) ஏறியது.

உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் நமது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு அந்தத் தொடரை வேண்டுமென்றே விலக்கி, 'சட்டத்தினால் நிறுவப்பட்ட நெறிமுறை' என்று எழுதப்பட்டது. அதன் விலை உடனே தெரிந்தது. விசாரணையின்றி அடைத்துவைக்க இடந்தரும் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்ச் சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சட்டமன்றம் இயற்றிய நெறிமுறை இருந்தாலே போதும், அது நியாயமானதா என்று கேட்க இடமில்லை என்று 1950-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், காவலை எதிர்த்து நீதிமன்றத்தை அணுகும் உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டுத் தனித்து நின்றார். 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் நெறிமுறை நியாயமாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும் என்ற விளக்கம் கிடைத்தது. நாம் விலக்கிய சொல்லின் பொருள் 28 ஆண்டுகள் கழித்து நம்மிடம் வந்து சேர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

நீதியை விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், தாமதிக்க மாட்டோம் என்ற மாக்னா கார்ட்டாவின் 40-ஆம் பிரிவைக் கட்டுரை தொடவே இல்லை. குற்றம் உறுதியானாலும் தண்டனையாகக் கிடைத்திருக்காத அளவு காலத்தை விசாரணைக் கைதிகளாகவே பீகார் சிறைகளில் கழித்தவர்களின் வழக்கில், விரைவான விசாரணையும் 21-ஆம் பிரிவின் பகுதியே என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கைதிகளைப் பற்றித் தங்கள் இதழ் ஒரு தனிக் கட்டுரை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்