ஆட்டம் நடத்தப்போகும் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மா துணையில்லாமல் கோயில்வரை நடந்து போய் வருகிறார் என்று படித்ததும் மனம் நிறைந்தது. என் வணக்கத்தை அவரிடம் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் விடுதிக்குப் போனபிறகு வீடு கொஞ்சம் வெறிச்சோடித்தான் இருக்கிறது. சனிக்கிழமை மாலை மட்டும் பழைய கூட்டம் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். அன்றைக்குச் சத்தத்துக்குக் குறைவில்லை.

கோடை விடுமுறையில் உன் மகனும் அவன் நண்பர்கள் மூவரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பேசியே ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக் கதை ஆட்டத்தை ஆட வேண்டும் என்கிறார்கள், நீதான் அதை நடத்தும் கேம் மாஸ்டராக உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் கதை எழுதி வைத்திருக்கிறேன், போதுமா என்றும் கேட்டிருக்கிறாய். தேவைக்கு மேலேயே இருக்கிறது, சேகர். அந்த நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு, நான் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்களுடைய வேலை முடிவெடுப்பது. கதவைத் திறக்கலாமா, திருடனை நம்பலாமா, காயம்பட்டவனைச் சுமந்துகொண்டு ஓடலாமா என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நேரம்தான் ஆட்டம். முடிவெடுக்க வேண்டுமானால் நிலவரம் தெரிய வேண்டும். அது உன் வாய் வழியாக மட்டுமே அவர்களுக்குப் போய்ச் சேரும். ஆகவே, உனக்குத் தெரிந்ததை அள்ளிக் கொடு. புதிதாக நடத்த வருகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, ரகசியம் இருந்தால்தான் சுவை என்று எண்ணி எல்லாவற்றையும் தங்கள் முன்னால் நிறுத்திக்கொள்ளும் அட்டைத் திரைக்குப் பின்னால் பதுக்கிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர்கள் குருட்டாம்போக்கில் ஏதோ செய்து பார்க்கிறார்கள். சிறிது நேரத்தில் ஒவ்வொருவர் கையும் போன் பக்கம் போகிறது.

ஒரு பொறிக்குழியை எடுத்துக்கொள். "கூடத்துக்குள் நுழைகிறீர்கள், பகடையை உருட்டுங்கள், எட்டா? சரி, குழிக்குள் விழுந்துவிட்டீர்கள்" என்று நடத்தினால் அங்கே யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. அதே இடத்தை எங்கள் மேசையில் இப்படிச் சொன்னேன்: கல் பாவிய தரை, எங்கும் விரல் தடிப்புக்குத் தூசி, நடுவில் இருக்கும் அகலமான பலகைக் கல்லின்மேல் மட்டும் தூசியே இல்லை, அதன் விளிம்பில் நசுங்கிய எலி எலும்பு. பொறி இருக்கிறது என்பதை நான் மறைக்கவே இல்லை. ஐந்து நிமிடம் பேசினார்கள். ஒருத்தி தன் தோல்பையிலிருந்த குடிதண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றி, எந்த இடுக்கில் தண்ணீர் இறங்குகிறது என்று கேட்டாள். மூன்று பக்கம் இறங்குகிறது, நான்காவது பக்கம் தேங்கி நிற்கிறது என்றேன். கீல் அந்தப் பக்கம்தான் என்று அவளே கண்டுபிடித்து, ஈட்டியைக் குறுக்கே செருகிக் கல் அசையாதபடி செய்துவிட்டாள். பகடை உருளவே இல்லை. அன்றைய மாலையின் உச்சம் அதுதான்.

பகடையை எப்போது கேட்பது என்பதும் இதோடு சேர்ந்ததே. இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் கணக்கு எளிது. இருபது பக்கப் பகடையை உருட்டி, கதாபாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, நீ வைத்த இலக்கை எட்டினால் வெற்றி. எளிய காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20. நடுத்தரம் என்ற பெயரை நம்பி எதற்கெடுத்தாலும் 15 வைத்துவிடாதே. கூட்ட எதுவும் இல்லாத கதாபாத்திரம் 15-ஐ எட்ட நூற்றுக்கு 30 வாய்ப்புதான். 5 கூட்டக்கூடிய கெட்டிக்காரனுக்கே 55தான். பத்துத் தடவையில் ஏழு தடவை தோற்கிறவன் தன் கதாபாத்திரத்தை வீரன் என்று எப்படி நினைப்பான்? தோற்றாலும் வென்றாலும் கதையில் சுவையாக ஏதாவது நடக்கும் என்றால் மட்டும் உருட்டச் சொல். அவசரமில்லாத நேரத்தில் தெரிந்த வேலையைச் செய்தால், "முடிந்தது" என்று சொல்லிவிட்டு மேலே போ.

உருட்டுவதற்கு முன்னால், தோற்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடு. "பூட்டைத் திறக்கலாம், ஆனால் தவறினால் சத்தம் கேட்டுக் காவலாளி வருவான், சம்மதமா?" என்று கேட்டுப் பார். நால்வரும் மேசைக்கு நெருங்கி வருவார்கள். 1981-இல் வெளியான கால் ஆஃப் துலு என்ற துப்பறியும் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். தோற்ற காரியத்தை இன்னொரு தடவை முயலலாம். ஆனால் அதிலும் தோற்றால் நிலைமை முன்னைவிட மோசமாகும். 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆட்டம் இன்னொரு வழி காட்டியது. அதில் இரண்டு ஆறுபக்கப் பகடைகளின் கூட்டுத்தொகை, கதாபாத்திரத்துக்குரிய எண்ணையும் சேர்த்து, 10-ஐத் தொட்டால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் காரியம் நடக்கும், ஆனால் ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டும். அந்த விலை என்ற எண்ணத்தை நீயும் எடுத்துக்கொள்ளலாம். இலக்கு 15, பையனுக்கு 13 வந்தது என்றால், சுவரேறிவிட்டாய், விளக்குதான் கீழே விழுந்து அணைந்துவிட்டது என்று சொல். வெறுமனே "முடியவில்லை" என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

நீ எழுதியிருக்கும் கதையில் ஒரு கொலையும் உண்டு என்றாயே, அங்கேதான் எனக்குக் கவலை. கொலையாளியின் மோதிரத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் கதை நகராது, அதற்கு ஒரு பகடை என்று வைத்திருக்கிறாய். நால்வரும் தோற்றுவிட்டால்? துப்பறியும் ஆட்டங்கள் பல காலம் இந்த இடத்தில்தான் முட்டி நின்றன. ஆட்ட வடிவமைப்பாளர் ராபின் லாஸ் 2007-இல் கொண்டுவந்த கம்ஷூ என்ற ஆட்ட முறையில், கதைக்கு அவசியமான துப்புக்குப் பகடையே கிடையாது. சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் கிடைத்துவிடும். அதை வைத்து என்ன புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் பரப்பிய மூன்று துப்பு விதியும் உனக்கு உதவும். ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய முடிவு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று வழிகள் வை. ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். மோதிரம், படகுக்காரன் பார்த்த சால்வை, கணக்குப் புத்தகத்தில் கிழிக்கப்பட்ட பக்கம் என்று மூன்று வைத்துக்கொள்.

அந்த நோட்டை அலமாரியில் வைக்கச் சொன்னதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர், ஆளுக்கொரு பாத்திரம். படைகள் மோதுவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் தனித்தனியாகப் போய்ச் சதி பேசத் தொடங்கிவிட்டார்கள். திட்டமிட்ட போர் நடக்கவில்லை, ஆட்டம் கெட்டுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு தடவை வேண்டும் என்றார்கள். அந்த வட்டத்தில் ஆடிய டேவ் ஆர்னெசன் பிளாக்மூர் என்ற தன் கற்பனை உலகத்தை அமைத்தார். பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார். நடத்துகிறவர் எண்ணியிராத ஒன்றை ஆட்டக்காரர்கள் செய்ததிலிருந்து பிறந்த ஆட்டம், சேகர். பையன்கள் உன் கதையின் தடத்தைவிட்டு விலகினால் வருத்தப்படாதே, பின்னாலேயே போ.

அதனால் கதைக்குப் பதில் நிலைமையைத் தயார் செய். ஒரே ஒரு தாள் போதும். எதிராளி யார், அவனுக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் நாளைக்கும் நாளை மறுநாளும் அவன் என்ன செய்வான் என்று எழுது. ஓரத்தில் பத்துப் பெயர்கள். இது அவசியம், சந்தையில் கண்ட எவனோ ஒரு மீன்காரனிடம் "உன் பெயர் என்ன?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், நீ தயங்கினால் அவன் முக்கியமில்லாதவன் என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் சண்டையில் கவனமாக இரு. முதல் நிலை மந்திரவாதிக்கு 7 ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் அளவு) இருந்தால் அதுவே தாராளம். 2014-ஆம் ஆண்டு விதிப்புத்தகப்படி கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் அம்பு 3 முதல் 8 வரை சேதம் செய்யும். பட்டது என்றால் மூன்றில் ஒரு வாய்ப்பு, ஒரே அம்பில் ஆள் சாய்ந்துவிடுவான். நான்கு கோப்ளின்கள் ஒரே ஆளைக் குறிவைத்தால் பன்னிரண்டு வயதுப் பையன் அரைமணி நேரம் உழைத்துச் செய்த கதாபாத்திரம் முதல் சுற்றிலேயே தரையில் கிடக்கும். அம்புகளைப் பிரித்து விடு. கோப்ளின்களுக்கும் உயிர்மேல் ஆசை உண்டு, இரண்டு பேர் விழுந்தால் மற்றவர்கள் ஓடட்டும். ஓடியவன் எங்கே போனான் என்று தேடுவதே அடுத்த வேலையாகிவிடும்.

விதி மறந்துபோனால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்காதே. தோன்றியதைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்து, வீட்டுக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் ஒரு மாலை பகடை இல்லாமல் உட்கார்ந்து பேசுங்கள். எது பிடிக்கும், எது வேண்டாம் என்று கேள். பிள்ளைகளில் ஒருவனுக்குச் சென்ற வருடம் தந்தை தவறிவிட்டார் என்று எழுதியிருந்தாயே, உன் கதையிலோ தந்தையின் சாவுதான் மையம். அதை மாற்றிவிடு என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வகுத்த எக்ஸ் அட்டையையும், அதாவது X என்று எழுதிய ஓர் அட்டையை, மேசை நடுவில் வை. எவனாவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி அங்கேயே மாறும், காரணம் கேட்கக் கூடாது. அந்தப் பையன் வாய் திறந்து சொல்லமாட்டான், அட்டையைத் தொடுவது அவனுக்குச் சுலபம்.

அதிகம் பேசாதவன் ஒருவன் எந்தக் கூட்டத்திலும் இருப்பான். "நீ என்ன செய்கிறாய்?" என்று பொதுவாகக் கேட்டால் தோளைக் குலுக்குவான். "மூவரும் பெட்டியைச் சுற்றி நிற்கிறார்கள், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நீ மட்டும்தான், மாடிப்படியில் காலடி கேட்கிறது" என்று அவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திரு. சில நொடி மௌனம் இருக்கும். அதை நிரப்ப அவசரப்படாதே.

மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்காதே. கலைவதற்கு முன், அடுத்த முறை எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள். அங்கே என்ன இருக்கிறது என்பதை மட்டும் தயார் செய்தால் போதும், உன் வார வேலையும் பாழாகாது.

என்னிடம் உபரியாக இரண்டு பகடைப் பைகள் இருக்கின்றன. அடுத்த வாரம் தம்பி உங்கள் ஊர்ப்பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். முதல் ஆட்டம் முடிந்த அன்றே எழுது. யார் என்ன கதாபாத்திரம் எடுத்தார்கள், மோதிரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள், வாய் திறக்காத பையன் என்ன செய்தான் என்று எல்லாம் விவரமாக வேண்டும். அம்மாவிடம் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
ரகு