கணக்கைத் திருப்பித் தர அடையாள அட்டை கேட்காதீர்கள்

சமூக வலைத்தள நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என் தோழி ஒருவரின் கணக்கை உங்களில் ஒரு நிறுவனம் முடக்கி வைத்திருக்கிறது. "சந்தேகத்துக்குரிய செயல்பாடு" என்பதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை. கணக்கு திரும்ப வேண்டுமென்றால் அரசு கொடுத்த அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அவர் புனைபெயரில் எழுதுகிறவர். அடித்துத் துன்புறுத்திய கணவனை விட்டு வெளியே வந்தவர். அதே நிலையில் இருக்கும் பெண்கள் ராத்திரி நேரத்தில் அவருடைய உள்பெட்டிக்கு வருவார்கள். எந்த மாதிரி வக்கீலைப் பார்ப்பது, வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிள்ளையின் சான்றிதழ்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்பார்கள். இது பிடிக்காத சிலர் கூட்டமாகச் சேர்ந்து புகார் கொடுத்தார்கள், கணக்கு பூட்டப்பட்டது. பாதியில் நிற்கும் அந்தப் பேச்சுகளை இப்போது அவரால் படிக்கவும் முடியவில்லை. அந்தப் பெண்களும் சொந்தப் பெயரில் இல்லாததால் வேறு வழியில் தேடிப் பிடிக்கவும் வழியில்லை.

உங்கள் படிவத்தை நானும் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அட்டையின் நான்கு மூலையும் தெரிய வேண்டும், வெளிச்சம் பட்டு மினுங்கக் கூடாது. அப்புறம் முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பி ஒரு காணொளி. "அட்டையைத் தர முடியாத காரணம் இருக்கிறது" என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டால், இந்த முகவரிக்கு வரும் அஞ்சல்களை யாரும் படிப்பதில்லை என்று உடனே பதில் வருகிறது.

சரி, கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள்? கணக்கு தொடங்கியபோது ஒரு மின்னஞ்சலும் கைபேசி எண்ணும்தான் வாங்கினீர்கள். இன்ன பெயரில் ஒருவர் இருக்கிறார் என்று மட்டுமே அட்டை சொல்லும். புனைபெயரில் இருக்கும் கணக்கு யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? பதிவு செய்த மின்னஞ்சல் இன்னும் அவர் கையில் இருக்கிறது. தினமும் நுழைந்த அதே கைபேசி இருக்கிறது. பழைய கடவுச்சொற்கள் தெரியும், நீங்களே கொடுத்த மீட்புக் குறியீடுகளையும் எழுதி வைத்திருக்கிறார். கணக்கு அவருடையதுதான் என்று காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

அட்டை கொடுத்தாலும் நிம்மதி இல்லை. 2011இல் எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் கணக்கை முடக்கிய பேஸ்புக், பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த பிறகு, அதில் முதல் பெயர் அகமது என்று இருந்ததால் அவரை அகமது ருஷ்டி ஆக்கியது. அவர் ட்விட்டரில் வெளிப்படையாகச் சண்டை போட்டதும் பழைய பெயர் திரும்பியது. என் தோழிக்குப் பின்னால் அப்படி யார் நிற்பார்கள்? அவருடைய உண்மைப் பெயர் ஒரு மணி நேரம் வெளியே தெரிந்தாலும், அவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அது போதும்.

வாங்கிய ஆவணத்தைப் பத்திரமாக வைத்திருப்போம் என்கிறீர்கள். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளம் என்ன அறிவித்தது? வயது தொடர்பான முறையீடுகளுக்காகப் பயனர்கள் கொடுத்த அடையாள ஆவணப் படங்களில், சுமார் 70,000 பேருடையவை வெளியாள் கைக்குப் போயிருக்கலாம் என்றது. அதற்கு வேலை செய்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக நடந்த ஊடுருவல் அது. தென் கொரியாவில் பெரிய இணையதளங்களில் எழுத அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 2007 முதல் சட்டமே இருந்தது. 2011இல் அங்கே இரண்டு பெரிய தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடுபோயின. அடுத்த ஆண்டே அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தையும் பிறந்த தேதியையும் எங்கே போய் மாற்றுவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்களின் படங்களைத் திருடிப் போலிக் கணக்கு நடத்துகிறவர்களைப் பற்றிப் புகார் செய்தால், "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வருகிறது. அந்தக் கணக்குகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவர்களிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. புகார் அடித்த கும்பலிடமும் கேட்கவில்லை. அடி வாங்கியவரிடம்தான் கேட்கிறீர்கள். இது எனக்குக் கோபம் வருகிற இடம், மறைக்க விரும்பவில்லை.

கோபத்தை விட்டு, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அட்டை இல்லாமல் கணக்கைத் திரும்பப் பெற ஒரு வழி வையுங்கள். மின்னஞ்சல், பழைய கருவி, மீட்புக் குறியீடு ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். விருப்பப்பட்டு அட்டை கொடுத்தவர்களுக்கு, அதை எந்தத் தேதியில் அழித்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கணக்கை முடக்குவது போன்ற முடிவுகளின் மீதான முறையீட்டை எந்திரம் மட்டுமே தீர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் சொல்கிறது. அங்கே செய்வதை மற்றவர்களுக்கும் செய்யலாமே.

என் தோழியின் முறையீடு இன்னும் உங்களிடம்தான் கிடக்கிறது. அட்டை இணைக்கவில்லை, இணைக்கவும் மாட்டார். உங்கள் அலுவலகத்தில் ஒரு மனிதர் அதைத் திறந்து படித்து, கணக்கைத் திருப்பிக் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயனர்களில் ஒருவர்