ஏற்காடு சுற்றுலா குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்ல முறையில் நிறைவடைந்தன. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்துள்ளனர், அனைவருக்கும் பாராட்டுகள். விடைத்தாள்களை வழக்கம்போல் பெற்றோர் கூட்டத்தில் பார்வையிடலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றது பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. சாலையோரப் புளியமரங்களையும் மாந்தோப்புகளையும் பார்த்து வளர்ந்த நம் தருமபுரிப் பிள்ளைகளுக்கு, உயரம் கூடக் கூட ஒரே மலையில் மரங்கள் எப்படி மாறுகின்றன என்பதை நேரில் காட்டுவதே இப்பயணத்தின் நோக்கம். அடிவாரத்தில் முட்புதர்களையும் மூங்கிலையும் கண்டவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்ததும், காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களையும் அவற்றின்மேல் படர்ந்த மிளகுக் கொடிகளையும் கண்டனர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அம்மரத்தின் இலையைத் திருப்பி, அடிப்புறம் வெள்ளியாக மின்னுவதை ஒவ்வொருவரும் பார்த்தனர். சந்தன மரம் பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றிச் சத்தை உறிஞ்சும் என்று ஆசிரியை விளக்கியபோது, "சந்தன மரத்தைத்தானே திருடுவார்கள், சந்தன மரமே திருடுமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். பாடப்புத்தகம் எழுப்பாத கேள்வி அது.

அன்று பிற்பகல் நடந்ததுதான் இக்கடிதத்துக்குக் காரணம். மாணவர்கள் சிலர், தோட்டம் ஒன்றில் இருந்த பலா மரத்தில் காம்பஸ் முனையால் தங்கள் பெயர்களைச் செதுக்கியுள்ளனர். தோட்டக் காவலர் அழைத்துச் சென்று காட்டியபோது, கீறல்களிலிருந்து வழிந்த பால் இன்னும் உறையவில்லை. பிள்ளைகள் விளையாட்டாகச் செய்துவிட்டார்கள் என்றே நாங்களும் முதலில் எண்ணினோம். ஆனால் அந்தப் பெயர்களின் புகைப்படம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, பெற்றோர் சிலர் கைதட்டும் படங்களைப் பதிலாக அனுப்பியிருந்தது வருத்தமளித்தது. யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. குடும்பத்தோடு மலைக்குச் செல்லும் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள் என்பதை மட்டும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

இலைகள் தயாரிக்கும் உணவை வேர்வரை கொண்டுசெல்லும் புளோயம் திசு, பட்டையை ஒட்டி உட்புறமாகவே இருக்கிறது. கீறல் ஆழமானால் அந்த வழி அங்கே அறுபடுகிறது. சுற்றிலும் வெட்டினால் மரம் பட்டுப்போகும். திறந்த காயத்தின் வழியே பூஞ்சையும் நுழையும். மரம் நுனியில்தான் உயர்கிறது என்பதால், செதுக்கிய பெயர் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதே உயரத்தில், அகன்று கோணலாகி நிற்கும்.

அது தனியார் தோட்டம் என்பதாலும் உரிமையாளர் பெருந்தன்மையானவர் என்பதாலும் இது மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்தது. காப்புக் காட்டில் மரத்துக்குச் சேதம் விளைவிப்பது, 1882 ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். இனி எந்தச் சுற்றுலாவுக்கும் காம்பஸ், கத்தி, பிளேடு ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. மரங்களைச் சேதப்படுத்தும் மாணவர் அடுத்த பயணத்தில் சேர்க்கப்படமாட்டார். ஒப்புதல் படிவத்தில் இந்நிபந்தனைக்கும் சேர்த்தே பெற்றோர் கையொப்பமிட வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.

சம்பந்தப்பட்ட மாணவர்களின் பெயர்களை வெளியிட மாட்டோம். அவர்கள் கோடை விடுமுறை வரை பள்ளி வளாகத்து மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைத் தாங்களாகவே கேட்டுப் பெற்றுள்ளனர் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்.

தொப்பூர் கணவாயில் போக்குவரத்து நெரிசலில் சிக்கிப் பேருந்து தாமதமாக வந்தபோதும், பள்ளி வாசலில் பொறுமையுடன் காத்திருந்த பெற்றோர்களுக்கும், செய்தி அறிந்ததும் தாமே முன்வந்து தோட்டத்து உரிமையாளரிடம் வருத்தம் தெரிவித்த தந்தைக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்